‘செற்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் யாழ்ப்பாணத்து அகராதி மரபும்

ஆங்கிலம் பயிலும் நம்மவர்க்கு அம்மொழியின் நெடுஞ்சொற்களால் விளையும் இடர் சிறிது. கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்து சேர்ந்த சாஸ்திரச் சொற்கள், உச்சரிப்பதற்கு எத்துணைக் கடினமாயினும், பெரும்பாலும் ஒவ்வோர் அர்த்தத்தையே தாங்கி நிற்பனவாதலின், ஒருமுறை அகராதியைப் புரட்டிப் பொருள் தெரிந்துகொண்டவன் அவற்றை மறுபடியும் எதிர்ப்படுங்கால் மயங்குவதில்லை. மயக்கம் தருவன, பாலர் வகுப்பிலேயே கற்று முடித்துவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு வினைச்சொற்களே. ரேக், புற், ரன், கெற், செற் என்னும் இவற்றைத் தனித்தனியே அறிந்த மாணாக்கன், ஒரு நாவலின் ஒரே பக்கத்தில் ‘செற்’ என்பது சூரியனுக்கும் மேசைக்கும் எலும்புக்கும் பொறிக்கும் கடிகாரத்துக்கும் வரக் கண்டு, தான் கற்ற பொருள் எதற்கும் முற்றப் பொருந்தாமையால் திகைத்துப் போகிறான். அச்சொல்லையே இங்கு ஆராய எடுத்துக்கொண்டேன். இறுதி எழுத்தை றகர மெய்யால் எழுதுவது இலங்கைத் தமிழர் வழக்கு; வெற்றி, பற்று என்னுஞ் சொற்களில் நாநுனி மேற்பல் அடியைப் பொருந்த ஒலிக்கும் பழைய உச்சரிப்பை யாழ்ப்பாணத்தார் இன்றுங் காத்து வருகின்றமையால், ஆங்கிலத்தின் அவ்வொலிக்கு டகரத்தினும் றகரமே நெருங்கியதென்று அவர்தஞ் செவி தீர்மானித்தது.

இச்சொல்லின் விரிவை அளந்து காட்டியது ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி. 1857 ஆம் ஆண்டு இலண்டன் சொல்லாராய்ச்சிக் கழகத்தில் தோன்றிய எண்ணம், 1879 இல் ஜேம்ஸ் மரே என்பவரின் பொறுப்பில் வேலையாகி, 1884 இல் முதற் பகுதியும் 1928 இல் இறுதிப் பகுதியுமாக வெளிவந்தது. 1989 இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பில் ‘செற்’ என்னும் வினைச்சொல் ஒன்றுக்கு மாத்திரம் 430 க்கும் மேற்பட்ட பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருந்தன. அவ்விளக்கம் ஏறக்குறைய 60,000 சொற்கள் கொண்டது, அதாவது தனியொரு நூலாக அச்சிடத்தக்கது. பின்னர் நடைபெறும் திருத்தப் பதிப்பில் ‘ரன்’ என்னும் வினை 645 பொருள்களோடு முதலிடம் பெற்றுவிட்டது. இந்த எண்களைக் கேட்டு வியப்பவர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும்: பொருளை நுணுக்கிப் பிரிப்பதும் ஒன்றுகூட்டிச் சுருக்குவதும் அகராதிகாரரின் நோக்கத்தைப் பொறுத்தன. ஒருவர் நாலாகப் பிரித்ததை வேறொருவர் ஒன்றாக அடக்கலாம். ஆதலால் எண்ணிக்கையைக் காட்டிலும் அந்தப் பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த விதமே ஆராயத்தக்கது. சாமுவேல் ஜோன்சன் 1755 இல் தமது அகராதியின் முகவுரையிலேயே இத்தகைய சிறு வினைகளை வரிசையாகப் பெயர் சொல்லி, அவற்றின் பொருளெல்லையை வரையறுப்பது தமக்குப் பெருந்தொல்லையாயிருந்ததென முறையிட்டிருக்கிறார். அவ்வரிசையில் ‘செற்’ உண்டு.

மூலத்தை நோக்கினால் இச்சொல் மிக எளியது. ஆங்கிலத்தில் இருத்தலைக் குறிக்கும் ‘சிற்’ என்னும் தன்வினைக்குப் பிறவினையே ‘செற்’. இருக்கச் செய்தல் என்பதே இதன் ஆதி அர்த்தம். தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தவரை ‘இருங்கோ’ என்று உபசரிக்கும் யாழ்ப்பாணத்தில், உட்காருதலே இருத்தல், உட்காரச் செய்தலே இருத்துதல். ‘இரு’ என்பதற்கு ‘இருத்து’ எப்படியோ, ‘சிற்’ என்பதற்குச் ‘செற்’ அப்படியே. இன்னும் ஒரு சம்பந்தம் உண்டு. சமஸ்கிருதத்தில் இருத்தற்பொருளுடைய ‘ஸத்’ என்னும் தாதுவும் ஆங்கிலத்தின் ‘சிற்’ என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். குருவின் அருகே இருந்து கேட்பதாகிய உபநிஷத்து, கூடியிருப்பதாகிய பரிஷத்து, சதஸ் ஆகியன அத்தாதுவினின்று பிறந்தன. அந்தத் தாதுவின் பிறவினை வடிவமும் ஆங்கிலத்தின் ‘செற்’ என்பதும் உருவத்தாலும் பொருளாலும் உடன்பிறந்தவை. நாம் சமய நூல்களிற் காணும் உபநிஷத்து என்னும் சொல்லின் சகோதரமே ஆங்கிலப் பாடத்தில் நம்மைத் திகைக்க வைக்கிறது என்பது மாணாக்கர்க்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி.

இருத்துதல் என்னும் இவ்வொரு பொருளிலிருந்து மற்றவை கிளைத்தன. ஒன்றை ஓரிடத்தில் இருத்தினால் அது வைத்தலாகும். அசையாதவாறு இருத்தினால் பதித்தலும் நாட்டுதலுமாகும். பலவற்றை முறைப்படி இருத்தினால் ஒழுங்கமைத்தலாகும். இளகியது தானே தன் நிலையில் இருந்துவிட்டால் இறுகுதலாகும். நாள், விலை, எல்லை முதலியவற்றை மாறாதவாறு இருத்தினால் நிர்ணயித்தலாகும். முகத்தை ஒரு திசையில் இருத்திக் காலெடுத்து வைத்தால் புறப்படுதலாகும். நிலைபெறுதலுக்கும் புறப்படுதலுக்கும் ஒரே சொல் எவ்வாறு வந்ததென்னும் விரோதம் இவ்வாறு நோக்கினால் நீங்கிவிடும்.

ஆனால் மூலத்தை அறிந்த மாத்திரத்தில் மொழிபெயர்ப்பு முடிந்துவிடாது. ஆங்கிலேயன் ஒரு சொல்லால் செய்வதை நாம் எத்தனை சொற்களாற் செய்கிறோம் என்று பார்க்கவேண்டும். சூரியனுக்கு அச்சொல் வந்தால் நமக்குப் பொழுது படுகிறது. நகை செய்யும் பற்றர் கல்லுப் பதிக்கிறார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தார்கள். முறிவு நெரிவு வைத்தியர் விலகிய எலும்பைப் பொருத்துகிறார். பாலுக்கு உறை இட்டால் தயிர் உறைகிறது. 1950 இல் காங்கேசன்துறையில் தொடங்கிய ஆலையினால் இந்த நாடெங்கும் பெயர் பெற்ற சீமெந்தோ இறுகுகிறது. எலிக்குப் பொறி வைக்கிறோம். வடமராட்சிக் கரையில் வலை படுக்கிறார்கள், அதற்கான வலைக்கே படுப்பு வலை என்று பெயர். கலியாணத்துக்கு நாள் வைக்கிறோம், பண்டத்துக்கு விலை வைக்கிறோம், பிள்ளைகளுக்குச் சோதினை வைக்கிறோம், பாட்டுக்கு மெட்டமைக்கிறோம். கடிகாரத்தைச் சரிப்படுத்துகிறோம், மேசையில் உணவுக் கலங்களைப் பரப்புகிறோம், தோட்டத்தில் புகையிலைக் கன்று நடுகிறோம். செம்மண் தோட்டங்களில் நடுவதற்கென எடுத்து வைக்கும் சிறு வெங்காயத்தை விதை வெங்காயம் என்கிறோம். ஆங்கிலேயத் தோட்டக்காரனுக்கு அதன் பெயரும் ‘செற்’ என்பதே. பயணத்துக்கோ நாம் வெளிக்கிடுகிறோம். இத்தனை தொழிலாளரும் தத்தம் தொழிலுக்குரிய வினையை வேறுவேறாக வைத்திருக்கையில், இவற்றுக்கெல்லாம் பொதுவாக ‘வைத்தல்’ என்று ஒரே பொருளை எழுதிப் படிப்பித்தல் தமிழுக்கும் அநியாயம், ஆங்கிலத்துக்கும் அநியாயம்.

வினைச்சொல்லின் கதை இது. பெயர்ச்சொல்லாக வரும் ‘செற்’ வேறொரு வரலாறும் உடையது. ஒருமித்த பொருள்களின் தொகுதி, ஒரு குழுவினர் என்னும் அர்த்தத்தில் வழங்குவது, பின்பற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் மூலத்திலிருந்து, சமயப் பிரிவைச் சுட்டிய பிரெஞ்சுச் சொல்லொன்றின் வழியாக ஆங்கிலத்துட் புகுந்தது. உருவம் ஒத்திருந்தமையால் அது பழைய ‘செற்’ என்பதோடு கலந்து, காலகதியில் இரண்டையும் வேறு பிரித்தறிதல் அரிதாயிற்று. யாழ்ப்பாணத்தார் கடன் வாங்கியது பெரும்பாலும் இந்தப் பெயர்ச்சொல்லையே. கோப்பைச் செற், நகைச் செற், றேடியோ செற் என்று வீட்டுக்குள்ளும், கரப்பந்தாட்டத்தில் மூன்று செற், ஐந்து செற் என்று ஊர் மைதானங்களிலும் அது நிலைபெற்றுவிட்டது. அண்மைக் காலத்தில் ‘அது எனக்குச் செற் ஆகாது’ என்று, பொருந்துதல் என்னும் அர்த்தத்தில் இளைஞர் வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வாக்கிய அமைப்பைத் தமிழின் ‘ஆகு’ என்னுந் துணைவினையோடு சேர்த்து நம்மவர் ஆக்கிக்கொண்டார்கள். இதனைப் பிழையென்று தள்ளுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. மொழிகள் கடன் வாங்கிய பொருளைத் தம் முறைப்படியே செலவு செய்யும்.

கணித நூலாரின் ‘செற்’ தமிழுலகத்தை இரண்டாகப் பிரித்ததும் இவ்விடத்தில் கூறத்தக்கது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனைக் கணம் என்றன. அதன் உட்பிரிவை உட்கணம் என்றன. இலங்கைப் பாடநூல்கள் அதனைத் தொடை என்றும், உட்பிரிவைத் தொடைப்பிரிவு என்றும் வழங்குகின்றன. இரண்டும் பழைய சொற்கள். கணம் கூட்டத்தைக் குறிக்கும். கணபதி என்பதில் அதுவே உள்ளது. ஆயினும் ஒரு நொடிப்பொழுதையும் அதுவே குறிக்கும். தொடை என்பது தொடுக்கப்பட்டது. மாலைக்கும், மோனை எதுகை முதலிய செய்யுளுறுப்புக்கும் வழங்கியது. வீரமாமுனிவர் 1732 இல் இயற்றிய சதுரகராதியின் நான்காம் பகுதியும் தொடையே. அன்றியும் உடலின் ஓர் உறுப்புக்கும் அதுவே பெயர். ஆகவே, பல பொருளுடைய ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் பல பொருளுடைய தமிழ்ச் சொல்லொன்றையே இரு கரையாரும் தெரிந்தெடுத்தனர். கணித வகுப்பில் தொடை என்றவுடன் எந்தப் பிள்ளையும் எதுகையையோ உடலுறுப்பையோ நினைந்து தடுமாறுவதில்லை. இடம் நோக்கிப் பொருள் தெளிகிறது. தொடுத்தலில் உறுப்புகளின் ஒழுங்கு குறிப்பாகத் தோன்றுகிறதாகலானும், கணிதத்தின் ‘செற்’ ஒழுங்கை வேண்டாத வெறுந்தொகுதியாகலானும், கணம் என்பதே பொருத்தம் மிகுந்ததென்பது என் அபிப்பிராயம். எனினும் பல தலைமுறை பயின்ற சொல்லை இனி மாற்றப் புகுவது வீண் சிரமம்.

இடம் நோக்கிப் பொருள் தெளிதல் என்னும் இந்த நியாயத்தை நம் முன்னோர் நன்கு ஆராய்ந்திருக்கின்றனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், பல பொருள் குறித்த ஒரு சொல்லை வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது என இரண்டாக்கி, முன்னையது தான் கொண்ட வினையாலும், உடன்வந்த இனத்தாலும், சார்பாலும் இன்ன பொருட்டெனத் துணியப்படும் என்றும், பின்னையதைப் பேசுவோன் வெளிப்படையாகக் கிளந்து சொல்லுதல் வேண்டும் என்றும் விதித்தார். மா என்பது மரமுமாம், விலங்குமாம், பூத்ததென்றால் மரம், ஓடியதென்றால் விலங்கு, கவசம் பூண்டு நிற்பவன் மா கொண்டு வருக என்றால் குதிரை. மேனாட்டில் மிசேல் பிரேயால் என்னும் பிரெஞ்சு அறிஞர் பல்பொருண்மைக்கு ஒரு சாஸ்திரப் பெயரிட்டு எழுதியது 1897 இல். ஒரு சொல்லை அதன் கூட்டத்தைக் கொண்டே அறியவேண்டுமென்று ஆங்கில மொழியியலார் ஜே. ஆர். ஃபேர்த் வற்புறுத்தியது 1957 இல். தொல்காப்பியர் கூறிய வினையும் இனமும் சார்பும் அந்தக் கூட்டமன்றி வேறல்ல. ஒரு வேறுபாடு மாத்திரம் கருதத்தக்கது: அவர் காட்டியது பெயரின் பொருளை வினை தெளிவிக்கும் முறை, ‘செற்’ போன்ற வினையிலோ, எழுவாயும் செயப்படுபொருளுமாக வரும் பெயரே வினையின் பொருளைத் தெளிவிக்கிறது. சேனாவரையர் உரையோடு சொல்லதிகாரம் 1868 இல் அச்சேறியது, சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் முயற்சியாலும் நல்லூர் ஆறுமுக நாவலரின் பரிசோதனையாலுமாதலின், இந்த நியாயம் மறைந்துபோகாமல் நம் கைக்கு வந்ததில் யாழ்ப்பாணத்துக்குப் பங்குண்டு.

நிகண்டு மரபும் இவ்விஷயத்தைப் புறக்கணிக்கவில்லை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராந் தொகுதி முழுவதும் ஒரு சொற் பல்பொருட் பெயர்களுக்கே உரியது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதனை எதுகை முறையால் மனனஞ் செய்தனர். ஆயினும் நிகண்டுகள் பெயர்களைத் தொகுத்த அளவுக்கு வினைகளின் பிரயோகத்தைத் தொகுக்கவில்லை. அன்றாட வினைகள் எவர்க்குந் தெரிந்தனவே, அவற்றைப் படிப்பிப்பதேன் என்று அவர்கள் கருதியிருக்கலாம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு அது போதும். இருமொழிக்கு இடையே பாலமிடுவோர்க்குப் போதாது.

அந்தப் பாலத்தை இடும் வேலை யாழ்ப்பாணத்திற் பெரிய அளவில் நடைபெற்றது. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவி, 1855 இல் அது மூடப்படும்வரை ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே பயிற்றினர். நல்லூரில் இங்கிலாந்துத் திருச்சபை மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைற் என்பவர் அகராதிக்கென நெடுங்காலம் சொற்களைச் சேகரித்து, வேலை முற்றுப்பெறுமுன் 1840 இல் காலமானார். அவர் தொடங்கிய முயற்சி மூன்று கிளைகளாயிற்று. தமிழுக்குத் தமிழ்ப் பொருள் கூறும் யாழ்ப்பாண அகராதி, சந்திரசேகர பண்டிதரின் உழைப்பினால், ஏறக்குறைய 58,500 சொற்களோடு 1842 இல் மானிப்பாயில் அச்சாயிற்று. மானிப்பாய் அகராதி என்பதும் அதுவே. நைற், லீவை ஸ்போல்டிங் ஆகியோரின் ஆங்கில-தமிழ் அகராதி அதே பத்தாண்டில் வெளிவந்தது. உடுவிலிற் பணியாற்றிப் பின் சென்னைக்குச் சென்ற மைரன் வின்சிலோ, 67,000 க்கு மேற்பட்ட சொற்களுடைய தமிழ்-ஆங்கிலப் பேரகராதியை 1862 இல் அங்கே வெளியிட்டார்.

இவற்றுள் வின்சிலோவின் அகராதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். செந்தமிழோடு வழக்குத் தமிழையும் சேர்த்துக்கொள்வதாக அவர் நூலின் பெயரிலேயே கூறியதும், தலைச்சொல்லின் கீழ் அது வேறு சொற்களோடு கூடிவரும் தொடர்களை எடுத்துக் கொடுத்ததும், சிறு வினைகளின் இயல்பை உணர்ந்து செய்த காரியங்கள். பின்வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கன், 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது, யாழ்ப்பாண வழக்குகளுக்குத் தனிக்குறி இட்டுப் பதிந்ததும் இவ்வழி வந்த சிறப்பே. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் அகராதிகள் அந்த நிலைக்கு உயரவில்லை. ஒரு சொல்லின் எதிரே வை, நாட்டு, பதி, நியமி, அஸ்தமி என்று தமிழ்ச் சொற்களை வரிசையாக அடுக்கி விடுவது அவற்றின் முறை. எந்தச் சொல் எந்த இடத்துக்குரியதென்பதை அறியாத மாணாக்கன், வரிசையில் முதலில் நிற்பதை எடுத்துக்கொள்கிறான்.

மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் செய்த வேலையை இதனோடு ஒப்பிட்டால் உண்மை தெளிவாகும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, அங்காதிபாதம், சுகரணவாதம், இரணவைத்தியம் முதலியவற்றை நூல்களாக்கினார். அங்கே ஒரு பொருளுக்கு ஒரு சொல்லை நியமித்துக் கொண்டால் போதும். சாஸ்திரச் சொல் நியமித்தபடி நிற்கும். சிறு வினைகளோ எவராலும் நியமிக்கப்படாமல், கோடிக்கணக்கானோர் வாயிற் புழங்கிப் புழங்கியே பொருள் பெருக்கியவை. மிகுதியாக வழங்குஞ் சொல்லே மிகுதியான பொருளுடையதாகிறதென்பதை ஜோர்ஜ் சிப் என்னும் அமெரிக்க அறிஞர் 1945 இல் கணக்கிட்டுக் காட்டினார். கலைச்சொல்லாக்கத்தில் நாம் செலவிட்ட சிரத்தையிற் பத்திலொரு பங்கையேனும் இவற்றின்மேற் செலவிட்டோமில்லை.

நம்முடைய சொற்களும் இவ்வாறே பெருகியவை என்பதை நினைந்தால் ‘செற்’ அந்நியமாகத் தோன்றாது. ‘வை’ என்பதை எடுத்துக்கொள்வோம். கறி வைக்கிறோம், பெயர் வைக்கிறோம், நகையை ஈடு வைக்கிறோம், நெருப்பு வைக்கிறோம், கண் வைக்கிறோம். ‘சொல்லி வைத்தான்’ என்று துணைவினையாகவும் ஆக்கிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘செற்’ வேறொரு மூலத்துச் சொல்லோடு உருவொத்துக் கலந்ததுபோல, இங்கும் தொல்காப்பிய உரியியலில் கூர்மைப்பொருள் குறித்த ‘வை’ ஒன்றும், வைக்கலிலுள்ள ‘வை’ ஒன்றும் தனித்து நிற்கின்றன. ‘வெளிக்கிடு’ என்பது புறப்படுதலோடு ஆடையணிந்து ஆயத்தமாதலையும் குறிப்பது இத்தீவகற்பத்தின் விசேஷ வழக்கு. ‘அவள் இன்னும் வெளிக்கிடேல்லை’ என்பதை வெளியூரார் ஒருவர்க்கு விளக்கப் புகுவார், ஆங்கிலேயன் தன் ‘செற்’ என்பதை நமக்கு விளக்குவதிற் படும் சிரமத்தையே தாமும் அனுபவிப்பார். சுவாமி ஞானப்பிரகாசர் 1938 முதல் வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியில் வேரை நாடிச் சென்றார். வேர் உறவைக் காட்டும், வழக்கைக் காட்டாது. இருத்துதலை அறிந்தவன், வலைக்குப் படுத்தலும் எழுத்துக்குக் கோத்தலும் வருமென்று வேரிலிருந்து ஊகிக்க மாட்டான். அதற்குப் பிரயோகங்களைச் சேகரிப்பதொன்றே வழி. 1992 இல் முதன்முதலாக வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, வழக்கிலுள்ள வாக்கியங்களைக் கொண்டு பொருளை வரையறுத்து, இலங்கை வழக்கையும் குறியிட்டுத் தந்தமையால், இத்துறையில் எனக்குத் தெரிந்த நூல்களுள் சிறந்ததென்பேன். ஆயினும் அது தமிழிலிருந்து புறப்படும் அகராதி. ஆங்கிலச் சிறு வினையிலிருந்து புறப்பட்டு நம்மூர் வழக்கை அடையும் நூல் இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது.

மரே 1879 இல் ஆங்கிலம் வாசிக்கும் பொதுமக்களை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுத்தார். பள்ளி ஆசிரியரும் குருமாரும் வீட்டிலிருந்த பெண்களும், தாம் வாசித்த நூல்களிற் கண்ட சொல்லையும் வாக்கியத்தையும் சிறு தாளில் எழுதி அனுப்ப, அத்தாள்களைக் கொண்டே அப்பேரகராதி எழுந்தது. அத்தகைய வேலைக்கு யாழ்ப்பாணம் தகுதியற்ற இடமன்று. பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் கூடி, ஆங்கிலத்தின் சிறு வினைகளில் முப்பதை மாத்திரம் முதலில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரயோகத்துக்கும் இங்குள்ள கமக்காரரும் கடற்றொழிலாளரும் பற்றர்மாரும் மேசன்மாரும் என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்டெழுதத் தொடங்கலாம். ஈயத்தில் எழுத்துக் கோத்தவர்களும் மீன்பிடிக்கக் களங்கண்டி கட்டியவர்களும் முதுமையடைந்து வருகின்றனராதலின் இவ்வேலையைத் தள்ளிப்போட இடமில்லை. ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் அதுவரையும் காத்திருக்க வேண்டியதுமில்லை. ‘செற்’ என்னுஞ் சொல் பாடத்தில் வரும்போதெல்லாம் அதன் எழுவாயையும் செயப்படுபொருளையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதி, அந்த இடத்தில் உங்கள் வீட்டில் என்ன சொல்லுவார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு, அவர்கள் சொல்லும் விடையை ஒரு கொப்பியிற் பதிந்து வையுங்கள்.